கருக்கலைப்பும் கருணையும்



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கருக்கலைப்பு. கருவைக் கலைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் உடலில் என்ன நிகழ்கிறது, உள்ளத்தில் என்ன நிகழ்கிறது, அவளைச் சுற்றியிருப்போர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். பொதுக்கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். மௌனத்தால் எந்தப் பெண்ணுக்கும் நன்மை விளைந்ததாக நாம் கண்டதில்லை. வீட்டுக்குள் எவரும் பேசாத நோய் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. ஆகையால் தெரிந்ததைத் தெளிவாகப் பேசுவோம்.

அந்தமான், நிகோபார்த் தீவுகளில் குடியேறி வாழும் நம் தமிழ் மக்களைச் சிறப்பாக மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறோம். காரணம் இரண்டு. முதலாவது, இப்பொருளுக்கும் அத்தீவுகளுக்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு ஒன்று உண்டு. இரண்டாவது, கடலால் பிரிக்கப்பட்ட ஊர்களில் வாழ்வோருக்குக் காலத்தின் அருமையை உணர்த்துவது இவ்விஷயத்தில் மிகவும் அவசியம்.

1. புனாவில் நடந்த ஒரு வழக்கு

அண்ணல் அம்பேத்கர் தம் மூன்று குருமாருள் ஒருவராகப் போற்றிய மகாத்மா ஜோதிராவ் பூலேயை நாம் அறிவோம். அவர் 1884 டிசம்பர் 4ஆம் நாள் பம்பாய் அரசாங்கத்திற்கு எழுதிய குறிப்பொன்றில், காசிபாய் என்னும் விதவையின் வரலாற்றைக் கூறியுள்ளார்.

காசிபாய் பிராமணக் குலத்து இளம் விதவை. பூலேயின் நண்பர் கோவண்டே என்பவரின் இல்லத்தில் சமையல் வேலை செய்து பிழைத்தவள். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஒரு சாஸ்திரி அவளை வசப்படுத்த முயன்றான். முதலில் மறுத்தவள், பிறகு அவன் வலையில் வீழ்ந்து கருவுற்றாள். அவனது தூண்டுதலால் நச்சு மருந்துகள் பலவற்றை உண்டு கருவைக் கலைக்க முயன்றாள். எதுவும் பலிக்கவில்லை. மாதம் நிறைந்து ஆண்மகவு பிறந்தது. ஊர் தூற்றுமே என்னும் அச்சத்தால் அக்குழந்தையைத் தன் கையாலேயே கொன்றாள். சடலம் வீட்டின் பின்புறத்துக் கிணற்றில் போடப்பட்டது. இரண்டு நாட்களில் காவலர் பிடித்தனர். புனா செஷன்ஸ் நீதிமன்றம் அவளுக்கு ஆயுட்கால நாடுகடத்தல் விதித்தது. அக்காலத்தில் நாடுகடத்தல் என்றால் ஜனங்கள் அந்தமான் என்றே பொருள் கொண்டனர். சாஸ்திரிக்குத் தண்டனை கிடைத்ததாக அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

பூலே இதைக் கேட்டு வருந்தியதோடு நில்லாமல் காரியத்தில் இறங்கினார். தம் துணைவியார் சாவித்திரிபாயுடன் கூடி, 1863இல் தம் வீட்டு வளாகத்திலேயே ஒரு விடுதி தொடங்கினார். கருவுற்ற விதவைகள் அங்கு வந்து இரகசியமாகப் பிள்ளை பெறலாம். குழந்தையை விட்டுச் செல்லவும் செய்யலாம். இச்செய்தியை அச்சிட்டுத் தெருமுனைகளில் ஒட்டவும் செய்தார். 1884 வரை அங்கு வந்து பிள்ளை பெற்ற விதவைகள் 35 பேர். அக்குழந்தைகளில் 5 மட்டுமே உயிரோடிருந்தன என்றும், மற்ற 30 குழந்தைகளும் மாண்டதற்குத் தாய்மார் கர்ப்பத்தை மறைக்க உண்டிருக்கக்கூடிய நச்சு மருந்துகளே காரணம் என்றும் பூலே எழுதினார். தப்பிப் பிழைத்த குழந்தைகள் சிலரில் ஒருவனை அவ்விருவரும் 1874இல் தத்தெடுத்தனர். யஷ்வந்த் என்று பெயரிடப்பட்ட அப்பிள்ளை பின்னர் மருத்துவரானார். 1897ஆம் ஆண்டுப் பிளேக் நோயின்போது தாயும் மகனும் நோயாளரைப் பேணினர். அப்பணியிலேயே நோய் தொற்றிச் சாவித்திரிபாய் உயிர்நீத்தார்.

இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. காசிபாயை அழித்தவை எவை? மருந்து அறியாதார் தந்த நஞ்சு, யாரிடமும் சொல்ல இயலாத தனிமை, ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிய அச்சம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்தே அழித்தன. இம்மூன்றும் இன்றும் ஒழிந்துபோகவில்லை. இப்பாடம் முழுவதும் இம்மூன்றைப் பற்றியதே.

2. தீவுக்கு அனுப்பப்பட்ட பெண்களும் சட்டமும்

அந்தமானில் கைதிக் குடியிருப்பு 1858இல் தொடங்கியது. நாம் படங்களில் காணும் செல்லுலார் சிறை அதற்கும் நெடுநாள் பிற்பட்டது. அதன் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. அதற்கு முன்பே பெண் கைதிகள் அத்தீவிற்குக் கப்பலேற்றப்பட்டனர். கொலைக்குற்றம் சாட்டப்பட்டு வந்த அப்பெண்களுள், மறைவில் பெற்ற சிசுவைக் கொன்றவர்களும் இருந்தனர். மறுமணம் மறுக்கப்பட்ட இளம் விதவைகள் எத்தனை பேர் அவ்வாறு கடல் கடந்தனர் என்பதை எண்ணிப்பார்க்க மனம் நடுங்குகிறது.

1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்னும் இளம் விதவைக்கும் இத்தகைய வழக்கே நேர்ந்தது. முதலில் தூக்குத்தண்டனை, மேல்முறையீட்டில் நாடுகடத்தல், முடிவில் ஐந்தாண்டுச் சிறை என அவள் தண்டனை குறைந்தது. பத்திரிகைகள் பெண்குலத்தையே பழித்தபோது, தாராபாய் ஷிண்டே என்னும் மராத்தியப் பெண்மணி 1882இல் ஒரு நூல் எழுதி, குற்றத்தில் பங்குள்ள ஆணைக் கேட்பார் யாருமில்லையா என்று வினவினார். அவர் பூலேயின் சத்தியசோதக இயக்கத்தைச் சார்ந்தவர்.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அப்பிரிவின்படி குற்றவாளியே. இதன் விளைவு யாது? பெண்கள் வைத்தியசாலைக்குப் போக அஞ்சி, எருக்கங்குச்சி வைப்பாரிடமும் நாட்டு மருந்து கொடுப்பாரிடமும் போயினர். செத்தவர் தொகையை எண்ணியவர் யார்?

சுதந்திர இந்தியாவில் சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைந்த குழு இதனை ஆராய்ந்து, 1966இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2021இல் அது திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இரு மருத்துவரின் கருத்தும் வேண்டும். வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமியர், ஊனமுற்றோர் முதலியோர் அந்நிலைகளில் அடங்குவர். கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவளும், மணமுறிவு பெற்றவளும் அவ்விதிகளில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளனர். காசிபாயின் காலத்திலிருந்து நாடு நடந்துவந்த தூரம் இது. சிசுவுக்குக் கடுமையான குறைபாடு உண்டென்று மருத்துவக் குழு கண்டால் 24 வாரத்திற்குப் பின்னும் அனுமதி உண்டு.

நம் சகோதரிகள் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நலம். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. அவள் பெயரை வெளியிடும் மருத்துவர் தண்டனைக்குரியவர். மணமாகாத பெண்ணுக்கும் மணமான பெண்ணுக்கும் இச்சட்டத்தில் வேற்றுமை பாராட்டலாகாது என்று உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆயினும் பெண்சிசு என்று அறிந்து கலைப்பது எவ்வகையிலும் குற்றம். கருவின் பாலைச் சோதித்துக் கூறுவதையே 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது.

3. உடலில் நிகழ்வது

கருக்கலைப்பு இன்று பெரும்பாலும் இருவகையில் நடைபெறுகிறது. ஒன்று மருந்தால் நிகழ்வது. மற்றது கருவியால் நிகழ்வது.

மருந்து முறையில் இரண்டு மருந்துகள் உண்டு. மிஃபெப்ரிஸ்டோன் என்னும் முதல் மருந்து, கர்ப்பத்தைத் தாங்கி நிறுத்தும் சுரப்பின் செயலைத் தடுக்கிறது. மிசோப்ரோஸ்டால் என்னும் இரண்டாவது மருந்து கருப்பையைச் சுருங்கச் செய்து உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. இந்தியாவில் இம்முறைக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. சட்ட விதிகள் இதை 9 வாரம் வரையிலான கருவுக்கு, மருத்துவர் எழுதித்தரும் சீட்டின் பேரில் அனுமதிக்கின்றன. இரண்டாவது மருந்திற்குப் பின் சில மணி நேரத்தில் அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலியும், மாதவிலக்கைவிட மிகுந்த உதிரப்போக்கும், கட்டிகளும் வருதல் இயல்பு. குமட்டல், வயிற்றுப்போக்கு, குளிர் நடுக்கம், சிறிது நேரக் காய்ச்சல் ஆகியவையும் வரலாம். பெரும்போக்கு சில மணி நேரத்தில் தணியும். பிறகு சிறுகச் சிறுகக் குறைந்து, ஏறத்தாழ இரு வாரம் வரை நீடிக்கலாம்.

கருவி முறையில், உறிஞ்சும் குழாயால் கருப்பை காலி செய்யப்படுகிறது. இது சில நிமிடங்களில் முடிவது. உதிரப்போக்கும் குறைவு. முற்காலத்தில் வழங்கிய சுரண்டும் முறையை விட்டு இம்முறையையே கைக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

தக்க மருத்துவர் கையில், தொடக்க வாரங்களில் நிகழும் கருக்கலைப்பு மிகவும் அபாயம் குறைந்தது. அதன்பின் பெண் மலடியாகிவிடுவாள் என்பது ஆதாரமற்ற பேச்சு. மார்பகப் புற்றுநோய் வரும் என்பதும் ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. நான்கு முதல் ஆறு வாரத்தில் மாதவிலக்கு திரும்பும். ஆனால் அதற்கு முன்பே, இரண்டு மூன்று வாரத்திலேயே, மீண்டும் கருத்தரிக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். ஆதலால் கருத்தடை முறையை மருத்துவரிடம் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியார் குடிஅரசு நாட்களிலேயே கர்ப்ப ஆட்சி பற்றிப் பேசினார். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டசபையில் கர்ப்பத்தடைக்கு அரசு வசதி செய்ய வேண்டும் என்னும் தீர்மானத்தை அண்ணலின் கட்சி கொண்டுவந்து, அது தோற்கடிக்கப்பட்டது. அன்று தோற்ற அக்கோரிக்கை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் பெண்ணை மீண்டும் மீண்டும் கருக்கலைப்பிற்கு உள்ளாக்குவது ஆணின் பொறுப்பின்மையே.

உதிரம் இழந்த உடலுக்கு உணவு வேண்டும். தீட்டு என்று ஒதுக்கி அரைவயிற்றுக் கஞ்சி ஊற்றும் வழக்கம் தீங்கானது. மீன், முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு ஆகியவையும், மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் இரத்தசோகையைப் போக்கும். மீன் மலிந்த தீவில் வாழும் பெண்ணுக்கு மீனை மறுப்பது என்ன நியாயம்?

நாம் நூற்பாலையில் உழைத்த காலத்தில், நூல் சுற்றும் பகுதிப் பெண்கள் சிலர் வயிற்றுவலி என்று இரண்டு நாள் விடுப்பெடுத்து, வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து, எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்பதைக் கண்டிருக்கிறோம். தலைசுற்றித் தூணைப் பிடித்துக்கொள்வர். என்னவென்று கேட்பாரில்லை; கேட்டால் சொல்வாருமில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு நாள் ஓய்வும் ஒரு தம்ளர் பாலும் ஒரு மருத்துவப் பரிசோதனையுமே.

4. அபாயக் குறிகள்

கீழ்க்காணும் குறிகளில் ஒன்று தென்பட்டாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு மணிக்கு இரண்டு பெரிய அணையாடைகள் முழுதும் நனையும் உதிரப்போக்கு தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தல். ஒரு நாளுக்கு மேல் நீங்காத காய்ச்சல். நாற்றமுள்ள கசிவு. மருந்துக்கு அடங்காத வயிற்றுவலி. மயக்கம். தோள்பட்டையில் காரணமின்றித் தோன்றும் வலி.

இவற்றின் காரணத்தையும் அறிதல் நலம். கருவின் பகுதி உள்ளே தங்கிவிட்டால் உதிரம் நில்லாது. தங்கியது அழுகினால் நச்சு இரத்தத்தில் பரவி உயிரைக் குடிக்கும். குச்சியும் கம்பியும் நுழைத்தால் கருப்பையில் துளை விழும். கரு சில பெண்களுக்குக் கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிடுவதுண்டு. அதனை மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்தால் உதிரம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். தோள்வலி அதன் அடையாளம். ஆகவேதான் மாத்திரைக்கு முன் பரிசோதனை வேண்டும் என்கிறோம்.

2015ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் என்றும், அவற்றுள் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நிகழ்ந்தவை என்றும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மாத்திரை வந்ததால் குச்சியும் கம்பியும் பெரிதும் ஒழிந்தன, அது நன்மையே. ஆயினும் எத்தனை வாரம் என்று அறியாமல், எப்படி உண்பதென்று சொல்வாரில்லாமல், கடையில் வாங்கி உண்பவளுக்குக் கோளாறு நேர்ந்தால் அவள் எவரிடம் போவாள்? போகும்போது நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் சிகிச்சை தாமதப்படும்.

5. தீவும் காலமும்

தீவுவாசிகளுக்கு இப்பகுதி முக்கியமானது.

கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவர். நாள் தவறியதை ஒரு பெண் உணரும்போதே கணக்கில் நான்கு வாரம் கடந்திருக்கும். தள்ளிப்போயிருக்கும் என்று இரண்டு வாரம் பொறுத்தால் ஆறு வாரம். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் இரண்டு வாரம் தவித்தால் எட்டு வாரம். மாத்திரைக்கு விதிகள் குறித்த எல்லை ஒன்பது.

பெரிய நிகோபாரின் காம்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேர் கடல்வழியே 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. இந்நகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இரப்பர் பயிரிடுவதற்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் அந்நகரிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. பெரிய மருத்துவமனையாகிய ஜி. பி. பந்த் மருத்துவமனை தலைநகரில் இருக்கிறது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் தவறும். நிலத்தில் வாழ்பவளுக்கு ஒரு பேருந்து தவறினால் அடுத்த பேருந்து உண்டு. தீவில் வாழ்பவள் ஒரு கப்பலைத் தவறவிட்டால் ஒரு வாரமும் போகலாம்.

வாரம் ஏற ஏற முறை கடினமாகும், உதிரமிழப்பு மிகும், அபாயம் கூடும். நான்கைந்து மாதம் ஆனபின் கலைந்தால் மார்பில் பாலும் சுரக்கும். கையில் குழந்தையின்றிப் பால் சுரக்கும் தாயின் வேதனையை யாரால் சொல்ல முடியும்? ஆகையால் தீவில் வாழும் பெண் நாள் தவறிய வாரத்திலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். மகள் தாயிடமும், மருமகள் மாமியாரிடமும் அஞ்சாமல் சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்க வேண்டும். கடலை நாம் சுருக்க இயலாது. வீட்டுக்குள் வீணாகும் நான்கு வாரத்தைச் சுருக்க இயலும்.

6. உள்ளத்தில் நிகழ்வது

கருக்கலைப்பிற்குப் பின் எல்லாப் பெண்களும் ஆயுள் முழுதும் அழுதுகொண்டிருப்பர் என்று சிலர் கூறுவர். அதில் ஒன்றுமேயில்லை, பல் பிடுங்குவதைப் போன்றது என்று வேறு சிலர் கூறுவர். இரண்டு கூற்றும் பெண்களைக் கேளாமல் கூறப்பட்டவை.

கேட்டறிந்தவர் என்ன கண்டனர்? அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய ஓர் ஆய்வு ஏறத்தாழ 1,000 பெண்களை ஐந்தாண்டு காலம் தொடர்ந்து விசாரித்தது. கருவைக் கலைத்துக்கொண்டவருள் மிகுதியாகக் காணப்பட்ட உணர்ச்சி ஆறுதல். ஐந்தாண்டு கழிந்தபின்னும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர், தமக்கு அம்முடிவு சரியானதே என்றனர். அமெரிக்க உளவியல் சங்கம் நியமித்த குழுவும் 2008இல், விரும்பாத கர்ப்பத்தைத் தொடக்க மாதங்களில் ஒருமுறை கலைத்துக்கொண்டவருக்கு, அதைப் பெற்றெடுத்தவரைவிட மனநோய் மிகுதியாக வருவதில்லை என்று கண்டது.

ஆனால் ஆறுதலும் துக்கமும் ஒரே நெஞ்சில் ஒரே நாளில் குடியிருக்கும். முடிவு சரியென்று அறிந்தவளும் அழக்கூடும். கர்ப்பத்தின் சுரப்புகள் திடீரெனக் குறைவதால் முதல் சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருதலும், எரிச்சலும், உறக்கமின்மையும் இயல்பு. இவை பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தணியும்.

யாருக்குத் துயரம் நீடிக்கிறது? பிறர் வற்புறுத்தலால் கலைத்துக்கொண்டவளுக்கு. விரும்பிச் சுமந்த குழந்தையை நோயின் காரணமாக இழந்தவளுக்கு. முன்னரே மனச்சோர்வுடையவளுக்கு. ஆண்மகன் கைவிட்டுப்போனவளுக்கு. எவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்தவளுக்கு. ஊராரின் பழிக்கு ஆளானவளுக்கு. இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குங்கள். மருந்தாலும் கருவியாலும் வந்த துயரம் இதில் எவ்வளவு? மனிதரால் வந்த துயரம் எவ்வளவு?

பெண்சிசு வேண்டாம் என்று மாமியாரும் கணவனும் வற்புறுத்திக் கலைக்கச் செய்தவளின் துயரம் இவற்றுள் கொடியது. அவள் விரும்பிய மகவை அவள் வயிற்றிலிருந்தே பறித்துவிட்டு, அவளையே அழாதே என்பர். பெற வேண்டாம் என்பவளைப் பெறச் செய்வதும், பெற விரும்புபவளைக் கலைக்கச் செய்வதும் ஒரே கொடுமையின் இரு கைகள்.

உறக்கமின்மையும், உணவில் வெறுப்பும், தன்னைத்தானே வெறுத்தலும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். சாக வேண்டும் என்னும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் அவளைத் தனியே விடலாகாது. மனநலத்திற்காக அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தீவிலிருந்து அழைப்பவர் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

7. சீலம் பற்றிய கேள்வி

உயிர்க்கொலை தவிர்ப்பதாக முதற் சீலம் ஏற்ற நாம் இதற்கு என்ன சொல்வது என்று உபாசிகைகள் கேட்பர். கேள்வியை மழுப்பலாகாது. விநயபிடகம் கருவையும் மனித உயிராகவே கருதி, கருக்கலைப்பிற்குத் துணைபுரியும் பிக்கு சங்கத்தில் இருக்கும் தகுதியை இழப்பதாகக் கூறுகிறது. ஆகவே இதனை இலேசாக எண்ணும் உரிமை நமக்கில்லை. கருத்தடையைக் கைக்கொண்டு இந்நிலை வாராமலே தடுப்பதுதான் சீலத்தைக் காக்கும் முதல் வழி.

அதே பகவான், செயலின் உள்ளீடு எண்ணமே என்றும் போதித்தார். வறுமையாலும், நோயாலும், வன்கொடுமையாலும் நெருக்குண்டு முடிவெடுத்த பெண்ணின் எண்ணத்தை வெளியே நிற்கும் நாம் அளக்க இயலுமா? அங்குலிமாலரின் வரலாற்றை நினையுங்கள். பலரைக் கொன்ற அவரைப் பகவான் சங்கத்தில் சேர்த்தார். பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணிடம் அவரையே அனுப்பி, நல்வாக்குக் கூறச் செய்தார். தாயும் சேயும் நலம் பெற்றனர். கொள்ளைக்காரனுக்கே கதவடைக்காத தம்மம், துயருற்ற பெண்ணுக்கா கதவடைக்கும்?

மற்றொரு போதனையும் உண்டு. உடல் வேதனை முதல் அம்பு. அதை எண்ணி எண்ணிப் புலம்பும் மன வேதனை இரண்டாம் அம்பு. பயிற்சியுள்ளவன் முதல் அம்பை மட்டும் தாங்குகிறான் என்றார் பகவான். கருக்கலைப்புற்ற பெண்ணுக்கு முதல் அம்பைத் தவிர்க்க இயலாது. இரண்டாம் அம்பை அவள் மேல் எய்வோர் பெரும்பாலும் வீட்டாரும் அயலாருமே. மூச்சைக் கவனித்தலும், மைத்திரி பாவனையைத் தன்னிடமிருந்தே தொடங்குதலும் அவளுக்கு உதவும். வில்லைக் கீழே வைத்தல் மற்றவர் கடமை.

8. வீட்டார் செய்யத்தக்கவை

கணவன் உடன் செல்ல வேண்டும். கப்பலாயினும் பேருந்தாயினும் அவளைத் தனியே அனுப்பலாகாது. சில நாட்கள் தண்ணீர் சுமக்கும் வேலையையும் சமையலையும் அவன் ஏற்க வேண்டும். அவள் உடல் தேறி, உள்ளமும் இசையும் வரை விலகியிருக்க வேண்டும். தாயும் மாமியாரும் ஏன், எதற்கு என்று துருவாமல் உணவு தர வேண்டும். அழுதால் அழவிட வேண்டும். பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் அருகில் இருக்க வேண்டும். அயலார் அறிந்ததை நாவோடு நிறுத்த வேண்டும். நோயுற்றவரைப் பேணுதல் தம்மைப் பேணுதலே என்று பகவான் பிக்குகளுக்குக் கூறியது நமக்கும் பொருந்தும்.

பூலேயும் சாவித்திரிபாயும் அந்த 35 பெண்களிடம் குற்றம் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்தனர். அவர்கள் வைத்திருந்தது ஒரு சாதாரண வீடுதான். அத்தகைய வீடு நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. காசிபாயை அழித்த மூன்று காரணங்கள் யாவை? அவற்றுள் எவை நம் ஊரில் இன்றும் உள்ளன?

2. கருவின் வாரத்தை எந்நாளிலிருந்து எண்ண வேண்டும்? நம் ஊரிலிருந்து மருத்துவமனை சேர எத்தனை நாள் ஆகும்?

3. உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அபாயக் குறிகளை மனப்பாடமாகக் கூறுக.

4. இரண்டாம் அம்பை நாம் யார் மேலேனும் எய்திருக்கிறோமா? இவ்வினாவிற்கு விடையைச் சபையில் கூற வேண்டியதில்லை. வீட்டிற்குச் சென்று சிந்திக்க.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!